இலையான் கட்டின கதை

பிள்ளையள், இரண்டு பேரும் வந்து இருந்து கேளுங்கோ. இந்தக் கதையை நீங்கள் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லித் திரிகிறீர்கள். மூத்தவள் பள்ளிக்கூடத்தில் சொன்ன கதையில் நான் தலைகுப்புறக் குளத்துக்குள் விழுந்துவிட்டேன். சின்னவள் சொல்கிற கதையில் மீன் அவளோடு கதைத்தது. நான் குளத்துக்குள் விழவில்லை. இடுப்பு மட்டும்தான் நனைந்தது. மீன் கதைத்ததோ இல்லையோ, எனக்குக் கேட்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை கண்டால் மூத்தவள் சிவப்புப் பேனையால் திருத்தலாம். கதையைத் திருத்தக்கூடாது.

எல்லாம் ஒரு தவளையில் தொடங்கியது.

அப்போது மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. கிழமை நாளில் நான் விடிய வயலுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவேன். நீங்கள் என்னைப் பார்க்கிறதே சாப்பாட்டு நேரத்தில்தான். சனிக்கிழமை காலையில் மூத்தவள் டியூசனுக்குப் போய்விடுவாள். அந்த நேரம் எனக்கும் சின்னவளுக்கும் உரியது. நான் தூண்டில் தடியோடு முன்னால் போக, அவள் இரை ரின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். குளக்கட்டு முடியும் மட்டும் வாய் ஓயாது. எந்த ரீச்சர் எந்தச் சாறி கட்டினவா, ஆர் ஆரோடு கோபம், எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கதை கேட்கத்தான் நான் மீன் பிடிக்கப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் குளத்தில் விராலுக்குத் தவளைதான் இரை. அதுவும் உயிர்த் தவளை. முதுகுத் தோலில் தூண்டில் முள்ளைக் குத்தித் தாமரை இலைகளுக்கு நடுவில் விட்டால் அது காலடிக்கும். அந்தச் சத்தத்துக்கு விரால் வரும். எல்லோரும் செய்கிற வேலைதான். அன்றைக்கும் குத்தினேன்.

“அப்பா, அது என்னைப் பாக்குது.”

“எது?”

“தவளை.”

“தவளையின்ர கண் அப்பிடித்தான் பிள்ளை. அது எல்லாரையும் பாக்கும்.”

இப்படியும் ஒரு பதில் சொல்வானா ஒரு தகப்பன்! அவள் ரின்னை மெதுவாகக் கீழே வைத்தாள். வீடு வரும் மட்டும் ஒரு சொல் கதைக்கவில்லை.

அடுத்த சனி எழுப்பினால், “எனக்கு வயித்துக்குள்ள குத்துது” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்கு அடுத்த சனியும் வயிற்றுக்குள் குத்தியது. நான் பிடித்த மீனைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டால் ஓரமாகத் தள்ளி வைத்தாள். ஆனால் முல்லைத்தீவுப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவரிடம் அம்மா சூடை மீன் வாங்கினால் முள்ளையும் விடாமல் சூப்பினாள்.

“அது மட்டும் எப்பிடி இறங்குது?” என்று கேட்டேன்.

“அது நீங்கள் பிடிச்சதில்லைத்தானே அப்பா” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். மீன் போகட்டும், அந்தச் சனிக்கிழமையை எப்படித் திருப்பி எடுக்கிறது? இரண்டு மாதமாக எனக்கு அதுதான் யோசனை.

இப்படியிருக்க, நோர்வேயில் இருக்கிற உங்கள் மாமா ஒரு நாள் வீடியோவில் வந்தார். அம்மா எல்லாவற்றையும் ஒப்புவித்தா. மாமா சிரித்துக்கொண்டு சொன்னார்:

“ஆர் அத்தான் இப்பவும் தவளை குத்திறது? இஞ்ச நாங்கள் இலையான் கட்டித்தான் மீன் பிடிக்கிறது. பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள்ள இருந்து இலையான் கட்டிறதுதான் எனக்கு வேலை. இருநூறு முந்நூறு கட்டி வைச்சிருக்கிறன்.”

“இலையானோ?”

“ஓம், இலையான். நூலால சுத்திக் கட்டுங்கோ. நல்லா...”

அவ்வளவுதான். சிக்னல் போய்விட்டது. எங்கள் வீட்டில் சிக்னல் எப்போதும் முக்கியமான இடத்தில்தான் போகும்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தவளை வேண்டாம், புழுவும் வேண்டாம். இலையான்! ஈ, இலையானுக்கு ஆர் அழப்போகிறார்கள்? எங்கள் வீட்டில் இலையானுக்கு என்ன பஞ்சம்? குசினி வாசலில் மீன் வெட்டுகிற பலகையில் வேண்டிய மட்டும் மொய்த்துக் கிடக்கும். அடுத்த நாளே பழைய கொப்பி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் குந்தினேன். ஓங்கி அடித்தால் இலையான் கூழாகிறது. மெதுவாக அடித்தால் பறக்கிறது. கையை வளைத்துக் கோலிப் பிடிக்கப் பழக ஒரு மணித்தியாலம் போனது. பிடித்த இலையானை அம்மாவின் தையல் நூலால் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டினால் கால் கழலுகிறது. காலைக் காப்பாற்றினால் தலை கழலுகிறது. மத்தியானத்துக்குள் நாலு கட்டி முடித்துவிட்டேன். வேர்த்து ஒழுகியது. ஆனால் மனம் நிறையப் பெருமை.

அம்மா எட்டிப் பார்த்தா.

“இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?”

“இலையான் கட்டிறன்.”

“உங்களுக்கென்ன விசரே?”

“உன்ர தம்பிதான் சொன்னவன். முந்நூறு கட்டி வைச்சிருக்கிறானாம்.”

“அவன் குளிர் நாட்டில இருக்கிறான். அங்க ஏது இலையான்?”

அது நல்ல கேள்வி. நான் அதை யோசித்திருக்க வேண்டும். அதற்குள் சின்னவள் வந்துவிட்டாள். பலகையில் கிடந்த கழன்ற கால்களையும் தலைகளையும் பார்த்தாள். நான் சந்தோசமாக நாலு முள்ளையும் தூக்கிக் காட்டினேன். அவள் முகம் கோணியது.

“இப்ப இலையானையும் தொடங்கியிட்டியளோ!” என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

அம்மா சொன்னா: “நல்லது. தவளையோட மட்டும் கோபமாயிருந்த பிள்ளை. இனி வீட்டில பறக்கிறதுக்கெல்லாம் அழப்போகுது.”

அன்று பின்னேரம் மூத்தவள்தான் மாமாவுக்கு அந்த நாலு முள்ளையும் படமெடுத்து அனுப்பினாள். பதிலாக வந்த குரல் செய்தியில் முதல் ஒரு நிமிசம் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, “அத்தான், இலையான் எண்டால் இலையான் இல்லை! இலையான் மாதிரி! இறகாலயும் மயிராலயும் முள்ளுக்கு மேல சுத்திச் சுத்திக் கட்டிறது. இஞ்சத்தைய பாசையில அதுக்குப் பேரே இலையான்தான். ஐயோ அத்தான்... ஐயோ...” என்று திரும்பவும் சிரிப்பு.

படங்களும் வந்தன. பிள்ளையள், அந்தப் படங்களைப் பார்த்த நேரம் நான் வெட்கத்தையே மறந்துபோனேன். முள் ஒன்றுக்கு உடம்பு, வால், கழுத்தைச் சுற்றிக் கால்கள். ஒன்று தும்பி மாதிரி, ஒன்று வெட்டுக்கிளி மாதிரி, ஒன்று உலகத்தில் எதையும் மாதிரி இல்லை, ஆனால் உயிர் இருக்கிற மாதிரி. ஒரு சொட்டு இரத்தம் இல்லை! எழும்பி முற்றத்தில் இரண்டு தரம் நடந்தேன். சாமான் எல்லாம் எங்களிடமே இருக்கிறதே! எங்கள் கோழிகள் முருங்கையில் அடைகிறவை. முருங்கைக்குக் கீழே நித்தம் இறகு. வயல் வரம்பில் மயில் போட்டுவிட்டுப் போகிற இறகு. மயிருக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் கறுப்புக் கிடாய்.

அன்றே தொடங்கினேன். குறட்டின் வாயில் முள்ளைக் கவ்வ வைத்து, பிடியைச் சைக்கிள் ரியூப் துண்டால் இறுகச் சுற்றி, மேசை லாச்சிக்குள் செருகி லாச்சியை அடைத்தேன். முள் அசையாமல் நின்றது. நூலுக்கு மெழுகுதிரியைத் தேய்த்தேன். மாமா சொன்ன மாதிரி முதலில் வால், பிறகு உடம்பு, கடைசியில் சேவலின் கழுத்து இறகைச் சுற்றினால் கால் போல விரிய வேண்டும். விரிந்தது. ஆனால் எல்லாப் பக்கமும் விரிந்தது. மூத்தவள் வந்து பார்த்து, “அப்பா, எங்கட சேவல் பஸ்ஸில அடிபட்ட மாதிரி இருக்கு” என்றாள்.

இரண்டாவதைக் கட்டினேன். மூன்றாவதைக் கட்டினேன். மண்வெட்டி பிடிக்கிற விரல்கள், பிள்ளையள். நூல் கைக்குத் தட்டுப்படவே இல்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை. நாலாவதில் மயிலிறகின் ஒரு இழையை எடுத்து உடம்பைச் சுற்றினேன். அப்போது பார்க்க வேண்டும்! பச்சையும் செம்புமாக, வெளிச்சத்துக்குத் திருப்பத் திருப்ப நிறம் மாறி, மாட்டுத் தொழுவத்துப் பெரிய பச்சை இலையானே வந்து இருந்த மாதிரி. நான் வாய்விட்டே, “இஞ்ச பார், இஞ்ச பார்!” என்று கத்திவிட்டேன்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு குரல்:

“இலையானுக்கு ஆறு கால்தான்.”

சின்னவள். நான் திரும்பவில்லை. திரும்பினால் ஓடிவிடுவாள் என்ற பயம்.

“அப்பிடியோ? இதுக்கு எத்தினை இருக்கு?”

“நாப்பது அம்பது இருக்கும்.” கொஞ்சம் கிட்ட வந்தாள். “இது ஆற்ற இறகு?”

“சேவலின்ர.”

“நோகப் பிடுங்கினனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை. முருங்கைக்குக் கீழ கிடந்தது. சத்தியமா.”

அவள் இன்னும் கிட்ட வந்து குறட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சட்டம் போட்டாள். விழுந்த இறகு மட்டும்தான். மயிர் என்றால் கத்தரிக்கலாம், பிடுங்கக்கூடாது. அதற்கும் கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். அடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனோம். அக்கா தாராளமாக, “வெட்டுங்கோ தம்பி” என்றா. இவள் விடவில்லை. கிடாய்க்கு முன்னால் போய் நின்று, “உன்ர தாடியில கொஞ்சம் எடுக்கலாமோ?” என்று கேட்டாள். கிடாய் தலையை ஆட்டியது. அது ஓம் என்று ஆட்டியதோ இல்லை என்று ஆட்டியதோ என்று அக்கா கேட்டா. அதற்குள் நான் கத்தரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வீடு இறகால் நிறைந்தது. செண்பகப் பறவையின் மண்ணிற இறகு, மீன்கொத்தியின் நீல இறகு ஒன்று, பெயர் தெரியாத பறவையின் புள்ளி இறகு என்று பள்ளிக்கூடப் பைக்குள் இருந்து வந்துகொண்டே இருந்தது. நான் கட்ட, அவள் பக்கத்தில் இருந்து கால் எண்ணினாள். மூத்தவள் பெரிய ஆள் மாதிரி, “உந்த இலையானைக் கண்டு மீன் சிரிக்கும்” என்று சொல்லிச் சொல்லி, கட்டு அவிழாமல் முடிச்சில் பூசத் தன் நகப்பூச்சுப் போத்திலைக் கொண்டுவந்து தந்தாள். புதுக்குடியிருப்புச் சந்தையில் எனக்குக் கிடைத்தது விராலுக்கான பெரிய முள்தான். அதனால் எங்கள் இலையான் ஒவ்வொன்றும் பெருவிரல் பருமன்.

ஆனால் ஒன்று: அவள் கட்டத்தான் இருந்தாள். குளத்துக்கு வருகிறாயா என்று கேட்டால், “முதல் அது வேலை செய்யுதோ பாப்பம்” என்றாள்.

வேலை செய்யவில்லை. வயல் வேலை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை முதல் தரம் கொண்டுபோய் வீசினேன். இறகு தண்ணீர் குடித்துக் கல்லு மாதிரித் தாழ்ந்தது. குளக்கட்டில் எப்போதும் இருக்கிற இரண்டு பேரை உங்களுக்குத் தெரியும். ஒருவர் துருசடியில், தண்ணீர் திறந்துவிடுகிற மதகில், இருந்து வலை பின்னுகிற அண்ணை. மற்றவன் என்னோடு படித்தவன்.

“என்ன தம்பி, தூண்டில்ல சேவலைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்?” என்றார் அண்ணை.

“சேவல் இல்லை அண்ணை, இலையான்.”

“இவ்வளவு பெரிய இலையான் இருக்கிற ஊரில நான் இருக்கமாட்டன்.”

மற்றவன் விடுவானா? “இல்லை அண்ணை, இவன் விராலுக்குக் காது குடைஞ்சு விடப்போறான். அதுக்குத்தான் கோழியிறகு.”

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று பிடிபட்டது. மிதக்க வேண்டும்! தவளை மேலே நின்றுதானே காலடிக்கும்? குளியலறையில் கிடந்த றப்பர்ச் செருப்பில் ஒரு துண்டு வெட்டி, முள்ளின் முதுகில் வைத்துக் கட்டி, அதற்கு மேல் மயிலிறகும் கிடாய்த் தாடியும் சுற்றினேன். வாளித் தண்ணீரில் போட்டால் ராசா மாதிரி மிதந்தது. அம்மா அன்று பின்னேரம் முழுக்க ஒற்றைச் செருப்போடு நடந்தா. மற்றதை ஆர் வெட்டினது என்று அவவுக்கு இதை வாசித்தால்தான் தெரியும்.

மிதந்ததைக் கண்டு சின்னவள் சொன்னாள், “நாளைக்கு நானும் வாறன்.”

எனக்கு அன்று சோறு தேவைப்படவில்லை.

அடுத்த நாள் சனி. மூத்தவளுக்கு டியூசன் இல்லை. மூன்று பேருமாகப் போனோம். துருசடியில் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. தாமரை இலைகள் இரண்டுக்கு நடுவில் இலையானை இறக்கி, தடி நுனியை மெதுவாக ஆட்டினேன். தத்தித் தத்திப் போனது. நிறுத்தினேன். ஆட்டினேன். சின்னவள் என் சாறத்தின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். ஒரு இலை அசைந்தது. காற்று இல்லை.

“அப்பா...”

“சத்தம் போடாதை.”

பட்டென்று தண்ணீர் வெடித்தது! இலையான் நின்ற இடத்தில் ஒரு குழி. தடி வில்லாக வளைந்து கையை இழுத்தது. தங்கூசி நூல் இலைகளை அறுத்துக்கொண்டு ஓடியது. “விடாதேங்கோ அப்பா, விடாதேங்கோ!” என்று மூத்தவள் துள்ளினாள். என் கால் சேற்றில் வழுக்கி, சரிவில் இறங்கி, முழங்கால், பிறகு இடுப்பு. சின்னவள் சாறத்தை விடவில்லை. அவள் இழுக்க, நான் இறங்க, சாறம் அவளோடு நின்றுவிட்டது. நல்ல காலம், உள்ளே கட்டைக் காற்சட்டை போட்டிருந்தேன். துருசடியில் இருந்து ஓ என்று கூக்குரல். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மீன் ஒருதரம் முழு உடம்போடும் மேலே பாய்ந்தது. கறுப்பும் மஞ்சளுமாக, என் முழங்கை நீளம்! வாயின் ஓரத்தில் எங்கள் மயிலிறகு மினுங்கியது!

கரைக்குக் கொண்டுவந்து புல்லில் போட்டபோது மூன்று பேருக்கும் ஒரே சிரிப்பு. என்னோடு படித்தவன் ஓடிவந்து, “மச்சான், ரெண்டு கிலோ வரும்! கோழியிறகுக்கோடா!” என்றான். நான் உலகத்தை வென்றவன் மாதிரிச் சின்னவளைப் பார்த்தேன். “பாத்தியே பிள்ளை? தவளை இல்லை, புழு இல்லை, ஒரு உயிரும் குத்தேல்லை.”

அவள் குந்தியிருந்து மீனின் வாயைப் பார்த்தாள்.

“அப்பா, இது உண்மையான சாப்பாடு எண்டு நினைச்சுத்தானே வந்தது?”

“ஓம்.”

“அப்ப நாங்கள் இதுக்குப் பொய் சொல்லியிட்டம்.”

தூண்டில்காரனிடம் இப்படி ஒரு கேள்வியை ஆரும் கேட்டிருக்கமாட்டார்கள். மூத்தவள், “உனக்கு ஒண்டும் சரிவராதடி” என்றாள். சின்னவள் யோசித்தாள். கிடாயிடம் கேட்ட அதே முகம்.

“ஒருக்கால் விடுவம். இப்ப இதுக்குத் தெரியும், அது இலையான் இல்லை எண்டு. தெரிஞ்சும் திரும்ப வந்து கடிச்சால் அது இதின்ர பிழை. அப்ப சமைப்பம்.”

இரண்டு கிலோ விரால், பிள்ளையள்! படித்தவன் என் முகத்தைப் பார்க்கிறான். அண்ணை வலையை வைத்துவிட்டு எழும்பி நிற்கிறார். அம்மா வீட்டில் தேங்காய் திருவி வைத்திருப்பா. நான் சின்னவளைப் பார்த்தேன். அவள் கெஞ்சவில்லை, அழவில்லை. என்ன செய்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டேன். ஒரு கணம் அசையாமல் நின்று, வாலால் எங்கள் மூன்று பேருக்கும் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது.

“விசரடா உனக்கு!” என்றான் படித்தவன். அண்ணை திரும்பிப் போய் இருந்து வலையை எடுத்தார்.

இன்னும் அரை மணித்தியாலத்துக்குள் திரும்பவும் தண்ணீர் வெடித்தது. இன்னொரு விரால்! மூத்தவள் கத்தினாள், “அதேதான்! அதேதான் திரும்ப வந்தது! இனிச் சமைக்கலாம்!” சின்னவள் என்னிடம் கேட்டாள், “அதேயோ அப்பா?”

ஓம் என்று ஒரு சொல் போதும். கறியும் கிடைக்கும், பிள்ளையும் சாப்பிடுவாள். வாய் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இது சின்னது, முதல் மீனின் பாதி. வாயில் பழைய முள்காயமும் இல்லை.

“இல்லைப் பிள்ளை. இது வேற.”

“அப்ப இதுக்கும் ஒருக்கால்” என்றாள். மூத்தவள் தலையில் கையை வைத்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டாள்.

வெறுங்கையோடு வந்தோம். அன்று முட்டைப் பொரியல். தேங்காய் திருவின அம்மா என்ன சொன்னா என்பதை எழுதமாட்டேன். ஆனால் குளக்கட்டு முழுக்கச் சின்னவள் நான் திரும்பக் கட்டின சாறத்தைப் பிடித்துக்கொண்டு கதைத்தபடி வந்தாள். புது ரீச்சர், கோபமான சிநேகிதி, விராலின் பல்லு, இத்தனை மாதக் கதை முழுக்க. வீட்டுப் படலையைத் திறக்கையில், “அடுத்த சனிக்கு நான் செண்பகத்தின்ர இறகில ஒண்டு கட்டுவன்” என்றாள்.

நீங்கள் இரண்டு பேரும் பின்னேரம் கோயிலுக்குப் போன நேரம் நான் ஒரு வேலை செய்தேன். இது உங்களுக்குத் தெரியாது. விராலுக்கு எங்கள் இலையான் எப்படித் தெரிந்தது என்று பார்க்கக் கிணற்றடித் தொட்டியை நிரப்பினேன். விரால் கடித்துக் கசங்கின அந்த இலையானை நூலில் கட்டித் தண்ணீருக்கு மேல் மிதக்க விட்டேன். ஆரும் வரவில்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்து, தலையைத் தொட்டிக்குள் அமுக்கி, முகத்தை மேலே திருப்பிக் கண்ணைத் திறந்தேன். வெளிச்சத்துக்கு நடுவில் அது கறுப்பாக, கால்களெல்லாம் நடுங்க, தத்தித் தத்தி என் பக்கம் வந்தது. என்னை அறியாமல் நானும் வாயைத் திறந்துவிட்டேன்.